தீபா கர்மாகரும் 0.15 புள்ளியின் அரசியலும்

2024 அக்டோபர் 7 அன்று, தமது 31ஆம் வயதில், ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளிலிருந்து ஓய்வு பெறுவதாகத் தீபா கர்மாகர் அறிவித்தார். புகழுரைகள் குவிந்தன. ஏறத்தாழ அனைத்தும் ஒரே பல்லவியைத்தான் பாடின: வசதி இல்லை, கருவி இல்லை, பணம் இல்லை, ஆயினும் மனவலிமை ஒன்றைக் கொண்டே ஒரு பெண் உலகத்தை வென்றாள், எனவே இளைஞர்களே, குறை சொல்வதை விட்டு உழைப்பீர்!

கேட்பதற்கு இனிமையான பல்லவி. ஆனால் இதைப் பாடுவோர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். வசதியைத் தந்திருக்க வேண்டியவர்கள், கருவியை வாங்கியிருக்க வேண்டியவர்கள், பணத்தை ஒதுக்கியிருக்க வேண்டியவர்களே இதை உரத்த குரலில் பாடுகிறார்கள். தாங்கள் செய்யத் தவறியதை அவருடைய சாதனைக்கு அணிகலனாகப் பூட்டிவிட்டுக் கைதட்டுகிறார்கள். தீபாவின் வாழ்க்கை மனவலிமைக்குச் சான்று என்பதில் ஐயமில்லை. அதைவிடப் பெரிய உண்மையையும் அது சொல்கிறது. பொதுமக்களின் உழைப்பில் உருவான ஒரு திறமையை இந்த நாட்டின் ஆளும் வர்க்கம் எவ்வாறு பயன்படுத்திக்கொள்கிறது, எவ்வாறு கைவிடுகிறது என்பதே அந்த உண்மை.

அகர்தலாவில் உருவான மரபு

தீபா 1993 ஆகஸ்ட் 9 அன்று திரிபுராவின் தலைநகர் அகர்தலாவில் பிறந்தார். தந்தை துலால் கர்மாகர் இந்திய விளையாட்டு ஆணையத்தில் பளுதூக்கும் பயிற்சியாளர். ஆறு வயதில் மகளை ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்த்தவர் அவரே. முதலில் சோமா நந்தியிடமும், பின்னர் அவருடைய கணவர் பிஸ்வேஸ்வர் நந்தியிடமும் தீபா பயின்றார். பிறவியிலேயே அவருக்குத் தட்டைப் பாதம். ஓடி வந்து குதித்துத் தரையிறங்கும் விளையாட்டுக்கு இது பெரும் தடை. ஆண்டுக்கணக்கான பயிற்சியால் அந்தப் பாதத்தின் வளைவைச் சீர்படுத்தினார்கள்.

இவர் வெட்டவெளியில் முளைத்தவர் அல்லர். சின்னஞ்சிறு திரிபுராவில் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஒரு மரபு உண்டு. 1960களில் தலீப் சிங் என்ற பயிற்சியாளர் அங்கே விதைத்த விதை அது. அந்த மரபில் வந்த மண்டு தேப்நாத் 1975இல் அர்ஜுனா விருது பெற்றார். கல்பனா தேப்நாத் 2000இல் பெற்றார். பிஸ்வேஸ்வர் நந்தியும் தேசிய சாம்பியனாக விளங்கியவரே. உள்ளூர் உடற்பயிற்சிக் கழகங்கள், அரசுப் பயிற்சி மையம், சம்பளம் வாங்கிக்கொண்டும் வாங்காமலும் உழைத்த பயிற்சியாளர்கள் என ஒரு சமூகமே சேர்ந்து தாங்கிய மரபு அது. தீபா அம்மரபின் உச்சம். ‘தனி ஒருத்தியின் வெற்றி’ என்று எழுதும்போது இந்தச் சமூகம் முழுவதும் அழிக்கப்படுகிறது.

கருவிகளின் நிலை வேறாக இருந்தது. பழைய ஸ்கூட்டரின் உதிரி பாகங்களைக் கொண்டு செய்த கருவியிலும், மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய மேடையிலும்தான் சிறுமி தீபா பழகினார் என்பது பலமுறை பதிவான செய்தி. மழைக்காலத்தில் பயிற்சிக் கூடத்தில் தண்ணீர் புகும், எலிகள் திரியும். 2008இல் ஜல்பாய்குரியில் தேசிய ஜூனியர் பட்டத்தை வென்றார். 2011இல் ஜார்க்கண்டில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் திரிபுராவுக்காக ஐந்து தங்கம் வென்றார். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வால்ட் பிரிவில் வெண்கலம் பெற்று, அப்போட்டியின் ஜிம்னாஸ்டிக்ஸில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 2015இல் ஹிரோஷிமாவில் ஆசிய சாம்பியன்ஷிப் வெண்கலம். அதே ஆண்டு உலக சாம்பியன்ஷிப்பில் வால்ட் இறுதிச் சுற்றில் ஐந்தாம் இடம்.

2016 ஏப்ரலில் ரியோவில் நடந்த தகுதிப் போட்டியில் 52.698 புள்ளிகள் பெற்று ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸுக்குச் சென்ற முதல் பெண் அவர். ஆண்களிலும் 1964க்குப் பிறகு, 52 ஆண்டுகளாக எவரும் சென்றதில்லை. இந்த 52 ஆண்டுக் காலத்தில் நாட்டை ஆண்டவர்கள் யார், விளையாட்டுச் சங்கங்களின் நாற்காலிகளில் அமர்ந்திருந்தவர்கள் யார் என்ற கேள்வியைப் புகழுரைகள் எழுப்புவதில்லை.

‘மரண வால்ட்’ ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது?

தீபாவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட சொல் புரோடுனோவா. ரஷ்ய வீராங்கனை யெலேனா புரோடுனோவா 1999இல் செய்து காட்டியதால் அவர் பெயரைப் பெற்ற வால்ட் அது. 25 மீட்டர் ஓடிவந்து, உந்துபலகையில் குதித்து, 125 சென்டிமீட்டர் உயர மேசையில் கைகளை ஊன்றி எழும்பி, காற்றில் முன்னோக்கி இரண்டு கரணங்கள் போட்டுக் காலில் வந்து இறங்க வேண்டும். முன்கரணம் என்பதால் இறங்கும் கடைசி நொடியில் தரை கண்ணுக்குத் தெரியாது. சுழற்சி அரைக் கணம் குறைந்தால் கழுத்தோ முதுகோதான் தரையைத் தொடும். ‘மரண வால்ட்’ என்று அது அழைக்கப்பட்டது இதனாலேயே.

ஊடகங்கள் இதை வீரசாகசமாக மட்டுமே சித்திரித்தன. இதன் பின்னால் ஒரு பொருளாதாரம் இருப்பதை எவரும் பேசவில்லை. ஜிம்னாஸ்டிக்ஸில் மதிப்பெண் இரு பகுதிகளால் ஆனது: ஒன்று கடினத்தன்மைக்கு, மற்றொன்று நேர்த்திக்கு. அன்றைய விதிப்படி புரோடுனோவாவின் கடினத்தன்மை மதிப்பு 7.0. சிமோன் பைல்ஸ் ரியோவில் தங்கம் வென்ற செங், அமனார் வால்ட்களின் மதிப்பு முறையே 6.4, 6.3 மட்டுமே. அதாவது அமெரிக்க வீராங்கனை குறைந்த ஆபத்தில் நின்று, நேர்த்தியால் வென்றார்.

நேர்த்தி எங்கிருந்து வருகிறது? நுரைப்பஞ்சு நிரப்பிய குழிகளில் ஆயிரக்கணக்கான முறை பாதுகாப்பாக விழுந்து எழுவதிலிருந்து வருகிறது. தரமான கருவி, உடனிருக்கும் மருத்துவக் குழு, ஆண்டு முழுவதும் சர்வதேசப் போட்டிகள், சிறு பிழையையும் சுட்டிக்காட்டும் காணொளி ஆய்வு ஆகியவற்றிலிருந்து வருகிறது. இவை அனைத்தும் பணம். பணமில்லாத நாட்டுப் பெண்ணுக்குத் திறந்திருந்த ஒரே குறுக்குவழி, கடினத்தன்மை மதிப்பைத் தன் உடலால் விலைகொடுத்து வாங்குவதுதான்.

இது வெறும் ஊகமன்று. போட்டிகளில் இந்த வால்ட்டைச் செய்தவர்களின் சிறு பட்டியலைப் பார்த்தாலே விளங்கும்: ரஷ்யாவின் புரோடுனோவாவுக்குப் பின் டொமினிக்கன் குடியரசின் யாமிலெட் பெனா, எகிப்தின் ஃபத்வா மஹ்மூத், உஸ்பெகிஸ்தானின் ஒக்ஸானா சுசோவிடினா, இந்தியாவின் தீபா. சுசோவிடினா ரியோ இறுதிச் சுற்றில் 41 வயதில் அதைச் செய்தார். செல்வமும் வசதியும் மிகுந்த அமெரிக்க அணி இதைத் தன் ஆயுதமாகக் கொள்ளவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. உலக முதலாளித்துவத்தின் ஏற்றத்தாழ்வு விளையாட்டுக் களத்துக்குள் நுழையும்போது வெள்ளைக்கோட்டில் நின்றுவிடுவதில்லை. யார் கழுத்தைப் பணயம் வைப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. பின்னர் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு புரோடுனோவாவின் மதிப்பைக் குறைத்தது. தீபாவின் முழங்காலும் தன் விலையைக் கொடுத்தது.

ரியோவில் குறைந்தது எது?

2016 ஆகஸ்ட் 14 அன்று வால்ட் இறுதிச் சுற்று. தீபாவின் முதல் வால்ட்டுக்கு 14.866 புள்ளிகள். இரண்டாவதான புரோடுனோவாவுக்கு 15.266. கால்களில் இறங்கினார், ஆனால் மிகத் தாழ உட்கார்ந்துவிட்டதால் நேர்த்திப் புள்ளிகள் குறைந்தன. சராசரி 15.066. வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் கியூலியா ஸ்டெய்ன்க்ரூபர் பெற்றது 15.216. வேறுபாடு 0.15 புள்ளி. நான்காம் இடம்.

இந்த 0.15ஐ விதி என்றார்கள், துரதிர்ஷ்டம் என்றார்கள். அதைக் கணக்காகப் பார்ப்பதே சரி. அகர்தலாவில் ஒரு நுரைக்குழி பத்து ஆண்டுகளுக்கு முன் அமைந்திருந்தால் எவ்வளவு? ஒலிம்பிக் தரக் கருவிகளில் பழகும் வாய்ப்பு, தகுதி பெற்ற பின் டெல்லி இந்திரா காந்தி உள்ளரங்கில் கிடைத்த சுமார் மூன்று மாதங்களுக்குப் பதிலாக மூன்று ஆண்டுகள் கிடைத்திருந்தால் எவ்வளவு? இயன்முறை மருத்துவர் முதல் நாளிலிருந்து உடன் இருந்திருந்தால் எவ்வளவு?

கடைசிக் கேள்வி கற்பனையில் எழுந்ததன்று. தீபாவுடன் இயன்முறை மருத்துவரை அனுப்ப வேண்டும் என்ற கோரிக்கை தொடக்கத்தில் ஏற்கப்படவில்லை; அவர் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்ற பின்னரே மருத்துவர் அவசரமாக ரியோவுக்கு அனுப்பப்பட்டார் என்று அன்றே செய்திகள் வெளியாயின. அதே ரியோவில் அப்போதைய ஒன்றிய விளையாட்டு அமைச்சர் விஜய் கோயலுக்கு ஒலிம்பிக் அமைப்புக் குழு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. அனுமதி அட்டை இல்லாதவர்களை உடன் அழைத்துக்கொண்டு தடைசெய்யப்பட்ட பகுதிகளில் நுழைய முயல்வது தொடர்ந்தால் அவருடைய அட்டையே ரத்தாகும் என்பது கடிதத்தின் சாரம். அமைச்சர் தரப்பு தவறு எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தது. எப்படியாயினும், வீராங்கனையின் முழங்காலுக்கு ஓர் ஆள் அதிகம். அமைச்சரின் பரிவாரத்துக்கு எத்தனை பேரும் அதிகமில்லை என்பதே இந்த நாட்டு விளையாட்டு நிர்வாகத்தின் நடைமுறை.

ஜிம்னாஸ்டிக்ஸை நடத்த வேண்டிய தேசியக் கூட்டமைப்போ அக்காலத்தில் கோஷ்டிப் பூசலில் மூழ்கி, அரசின் அங்கீகாரத்தையும் இழந்து கிடந்தது. நாற்காலிக்காக அவர்கள் சண்டையிட்ட ஆண்டுகளில்தான் தீபா மெத்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டு பழகினார்.

இன்னொரு விவரமும் உண்டு. மூன்று புறமும் வங்கதேசம் சூழ்ந்த திரிபுராவின் தலைநகரிலிருந்து டெல்லிக்கு அகல ரயில் பாதையில் முதல் விரைவு ரயில் புறப்பட்டது 2016 ஜூலை 31 அன்றுதான். அதாவது ரியோ இறுதிச் சுற்றுக்கு இரண்டு வாரங்களுக்கு முன். விடுதலை பெற்று 69 ஆண்டுகள் ஆகவிருந்த தருணத்தில்தான் அகர்தலாவுக்கு இந்த ரயில் கிடைத்தது. வடகிழக்கை இந்திய முதலாளித்துவ வளர்ச்சி எங்கே வைத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கார் கிடைத்தது, சாலை இல்லை

ரியோவுக்குப் பின் பரிசுமழை பொழிந்தது. ஹைதராபாத்தில் நடந்த விழாவில் பி.வி. சிந்து, சாக்ஷி மாலிக் ஆகியோருடன் தீபாவுக்கும் பி.எம்.டபிள்யூ. கார் வழங்கப்பட்டது. சாவியைக் கொடுத்தவர் சச்சின் டெண்டுல்கர். சில வாரங்களிலேயே அந்தக் காரை வைத்துப் பராமரிக்க இயலாது என்று தீபா குடும்பத்தார் தெரிவித்தனர். அகர்தலாவில் அந்நிறுவனத்தின் பழுதுபார்ப்பு மையம் இல்லை. ஊரின் குறுகிய சாலைகள் அந்தக் காருக்குப் பொருந்தவும் இல்லை.

சமூக ஊடகங்களில் இது நகைச்சுவையானது. உண்மையில் இதைவிடத் தெளிவான அரசியல் பாடம் கிடைப்பது அரிது. தனியார் செல்வம் தன் தாராள மனத்தைக் காட்டிக்கொள்ள விரும்பும்போது, பெறுபவருக்கு என்ன தேவை என்று கேட்பதில்லை. புகைப்படத்துக்கு எது பொலிவாக இருக்கும் என்றே பார்க்கிறது. தீபாவுக்குத் தேவைப்பட்டவை பயிற்சிக் கூடமும் மருத்துவமும். அவை புகைப்படத்தில் பொலிவாக இரா.

2016இல் ராஜீவ் காந்தி கேல் ரத்னா, 2017இல் பத்மஸ்ரீ. பிஸ்வேஸ்வர் நந்திக்கு துரோணாச்சாரியார் விருது. விருதுகள் வந்துகொண்டிருந்த அதே 2017இல் தீபாவின் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. ஓராண்டுக்கு மேல் களத்துக்கு வெளியே இருந்தார். திரும்பி வந்து 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சினில் உலகச் சவால் கோப்பையில் வால்ட் தங்கம் வென்றார். சர்வதேசக் கூட்டமைப்பின் உலகளாவிய போட்டித் தொடரில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தங்கம் அது. அடுத்த மாதமே ஆசிய விளையாட்டில் முழங்கால் மீண்டும் வலித்தது. 2018 நவம்பரில் ஜெர்மனியின் காட்பஸில் வெண்கலம். 2019இல் மீண்டும் காயம். டோக்கியோ வாய்ப்பு நழுவியது. அந்த ஐந்து ஆண்டுகளும் ஓர் உடல் தன்னைத்தானே தைத்துக்கொண்டு ஓடிய ஆண்டுகள்.

ஒரு தவறுக்கு இரு தண்டனை

2021 அக்டோபரில் எடுக்கப்பட்ட மாதிரியில் தடைசெய்யப்பட்ட ஹைஜினமைன் இருந்ததாகக் கண்டறியப்பட்டு, 21 மாதத் தடை விதிக்கப்பட்டது. சில தாவரங்களிலும் அவற்றிலிருந்து தயாராகும் ஊட்டப்பொருள்களிலும் காணப்படும் பொருள் அது. அறியாமல் உட்கொண்டதாகத் தீபா கூறினார். விதி விதியே, அதற்குத் தீபாவும் விலக்கல்லர். தண்டனையை ஏற்று 2023 ஜூலை 10 வரை களத்துக்கு வெளியே இருந்தார். ஆனால் நாட்டின் முதன்மை வீராங்கனைக்கு எதை உண்ணலாம், எதை உண்ணக் கூடாது என்று சொல்லித் தர ஆளில்லாத நிர்வாகம் எந்தத் தண்டனையும் பெறவில்லை.

தடை முடிந்ததும் புவனேஸ்வரில் நடந்த தேர்வுப் போட்டியில் தீபாவே முதலிடம் பெற்றார். ஆயினும் ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கு அவர் அனுப்பப்படவில்லை. முந்தைய 12 மாதங்களில், கடந்த ஆசிய விளையாட்டின் எட்டாம் இடத்துக்கு இணையான திறனை வெளிப்படுத்தியிருக்க வேண்டும் என்பது அமைச்சகத்தின் அளவுகோல். தடையில் இருந்த ஒருவர் அந்த 12 மாதங்களில் எந்தப் போட்டியில் திறனை வெளிப்படுத்த முடியும்? நிறைவேற்றவே முடியாத நிபந்தனை அது. தண்டனை முடிந்த பின்னும் தண்டித்தார்கள். அதே மாதத்தில், அதே அளவுகோலை எட்டாத கால்பந்து அணிகளுக்கு அதே அமைச்சகம் விதியைத் தளர்த்தியது. கால்பந்து அணிகள் சென்றது நியாயமே. அந்த நியாயம் அகர்தலாப் பெண்ணுக்கு ஏன் எட்டவில்லை என்பதே கேள்வி.

பதிலை அவரே களத்தில் தந்தார். 2024 மே 26 அன்று தாஷ்கண்டில் 13.566 புள்ளிகளுடன் ஆசிய சாம்பியன்ஷிப் வால்ட் தங்கம் வென்றார். ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியர் ஒருவர் வென்ற முதல் தங்கம் அது. அனுப்பத் தகுதியில்லை என்று ஓராண்டுக்கு முன் ஒதுக்கப்பட்டவர் ஆசியாவின் முதல்வர் ஆனார். அடுத்த ஐந்தாவது மாதத்தில் ஓய்வை அறிவித்தார். பாரிஸ் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியர் ஒருவரும் இல்லை.

இடதுசாரிகளை நோக்கி வீசப்படும் கேள்வி

‘ஸ்கூட்டர் பாகங்களில் அவர் பழகியபோது திரிபுராவை ஆண்டது இடதுமுன்னணி அல்லவா?’ என்று சிலர் கேட்கிறார்கள். பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி. 1993 முதல் 2018 வரை அங்கே இடதுமுன்னணி ஆட்சி நடந்தது உண்மை. பயிற்சிக் கூடத்தில் தண்ணீர் புகுந்ததும் உண்மை. குறை குறைதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் கேள்வி கேட்போர் இரண்டைச் சொல்லாமல் விடுகிறார்கள். வரி வருவாயின் பெரும்பகுதியை ஒன்றிய அரசு எடுத்துக்கொள்ளும் அமைப்பில், தொழிலும் ரயிலும் எட்டாத சிறு மாநிலத்தின் கஜானா எவ்வளவு பெரியது என்பது முதலாவது. அந்தக் கஜானாவைக் கொண்டே பள்ளிகளும், விளையாட்டுக் கவுன்சிலும், நேதாஜி பெயரிலான பயிற்சி மையமும், அவற்றில் பயிற்சியாளர்களும் காப்பாற்றப்பட்டனர் என்பது இரண்டாவது. பிரிவினைத் துப்பாக்கிகள் ஒலித்த மாநிலத்தில் அமைதி திரும்பி, 2015இல் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது. பெண் குழந்தை மாலையில் பயிற்சிக்குச் சென்று அச்சமின்றி வீடு திரும்பும் நகரம் எந்த நுரைக்குழிக்கும் முந்தைய தேவை. அகர்தலாவில் மரபு உயிரோடு இருந்ததால்தான் தீபா உருவானார். செல்வத்தில் பல மடங்கு பெரிய மாநிலங்கள் ஏன் ஒரு தீபாவை உருவாக்கவில்லை என்பதைக் கேள்வி கேட்போர் முதலில் விளக்கட்டும்.

பதக்கமும் பெண் உடலும்

தீபாவோடு அதே இறுதிச் சுற்றில் தங்கம் வென்ற சிமோன் பைல்ஸின் கதை, பணம் மட்டுமே விடையல்ல என்பதை உணர்த்துகிறது. அமெரிக்க அணியின் மருத்துவர் லாரி நாசர் நூற்றுக்கணக்கான சிறுமிகளையும் இளம்பெண்களையும் பல ஆண்டுகள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார். 2018இல் மிச்சிகன் நீதிமன்றம் அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதித்தது. தாமும் பாதிக்கப்பட்டவர் என்று அறிவித்த பைல்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். குற்றவாளியோடு, அவரை அனுமதித்த அமைப்பையும் குற்றம் சாட்டினார். பதக்கமும் விளம்பர வருவாயும் முதன்மையாகிவிட்ட அமைப்பில் சிறுமிகளின் புகார் இடையூறாகவே பார்க்கப்பட்டது.

சோசலிச முகாமின் அனுபவத்தையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். 1952 முதல் 1988 வரை சோவியத் பெண்கள் அணி தான் பங்கேற்ற ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் அணித் தங்கம் வென்றது. தொழிற்சாலையிலும் பள்ளியிலும் கூட்டுப் பண்ணையிலும் இலவச விளையாட்டு வசதி செய்து, மக்கள் திரளிலிருந்து திறமையை எழுப்பிய முறையின் வெற்றி அது. அதே முறைக்குள் பதக்க வெறி புகுந்தபோது நேர்ந்ததும் வரலாற்றில் உள்ளது. 1978 உலக சாம்பியன் யெலேனா முகினா, முறிந்த கால் முழுதும் குணமாகும் முன்பே பயிற்சிக்கு அழைக்கப்பட்டார். மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இரு வாரங்களே இருந்த நிலையில், 1980 ஜூலை 3 அன்று மின்ஸ்கில் பயிற்சியின்போது கழுத்து முறிந்தது. 2006இல் மறையும் வரை அவர் எழுந்து நடக்கவில்லை. விளையாட்டு மக்களுக்காக என்ற கொள்கை, மக்கள் விளையாட்டுக்காக என்று தலைகீழாகும் இடத்தில் சோசலிசம் தன்னையே மறுக்கிறது. இந்தப் பாடத்தை ஏற்காமல் முதலாளித்துவ விளையாட்டை விமர்சிக்கும் தகுதி எவருக்கும் இல்லை.

இந்தியாவில் நடப்பதோ கண்முன் உள்ளது. 2016இல் தீபாவோடு சேர்ந்து கேல் ரத்னா பெற்றவர்களில் ஒருவர் சாக்ஷி மாலிக். 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அதே நேரத்தில், அந்தச் சாக்ஷி டெல்லி வீதியில் காவல்துறையால் இழுத்துச் செல்லப்பட்டார். மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவரும் பா.ஜ.க. எம்.பி.யுமான பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கூறியதுதான் அவர்கள் செய்த ‘குற்றம்’. வழக்குப் பதிவு செய்யவே வீராங்கனைகள் உச்ச நீதிமன்றத்தை அணுக வேண்டியிருந்தது. ஆண்டு இறுதியில் பிரிஜ் பூஷணின் நெருங்கிய ஆதரவாளர் கூட்டமைப்புத் தலைவராகத் தேர்வானபோது, சாக்ஷி தம் காலணிகளை மேசைமேல் வைத்துவிட்டு ஓய்வை அறிவித்தார். 2024 தேர்தலில் பிரிஜ் பூஷணின் மகனுக்கு பா.ஜ.க. வாய்ப்பளித்தது. ‘பெண் குழந்தையைக் காப்போம்’ என்ற முழக்கத்தின் பொருளை இந்த நிகழ்வுகளே விளக்கிவிட்டன.

கோடிகள் செல்லும் திசை

பணம் இல்லாமலில்லை. ‘கேலோ இந்தியா’ திட்டத்தின்கீழ் விளையாட்டுக் கட்டமைப்புக்கென ஒதுக்கப்பட்ட சுமார் ரூ.2,168 கோடியில் உத்தரப் பிரதேசத்துக்கு ரூ.438 கோடி, குஜராத்துக்கு ரூ.426 கோடி என்ற விவரம் 2024இல் வெளியானது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு 24 பேரை அனுப்பிய ஹரியானாவுக்கு சுமார் ரூ.66 கோடி, 13 பேரை அனுப்பிய தமிழ்நாட்டுக்கு சுமார் ரூ.20 கோடி, இரண்டு பேரை அனுப்பிய குஜராத்துக்கு ரூ.426 கோடி. பின்தங்கிய பகுதிக்குக் கூடுதல் நிதி என்ற வாதம் இதற்குப் பொருந்துமானால் திரிபுராவுக்கும் மணிப்பூருக்கும் முதலிடம் கிடைத்திருக்க வேண்டும். அளவுகோல் அரசியலே, தேவை அன்று.

தீபா ஓய்வை அறிவிப்பதற்கு ஆறு நாள் முன்பு, 2024 அக்டோபர் 1 அன்று, 2036 ஒலிம்பிக்கை இந்தியாவில் நடத்த விருப்பக் கடிதம் அனுப்பப்பட்டது. அதற்கு முன்னிறுத்தப்படும் நகரம் அகமதாபாத். வாழும் பிரதமரின் பெயர் தாங்கிய பிரம்மாண்ட கிரிக்கெட் அரங்கம் அங்கே ஏற்கெனவே உள்ளது. ஒலிம்பிக்கை நடத்துவது என்றால் நிலம், சிமென்ட், ஒப்பந்தம், ஒளிபரப்பு உரிமை. ஒலிம்பிக்குக்கு ஆட்களை உருவாக்குவது என்றால் பள்ளி, மைதானம், பயிற்சியாளர், சத்துணவு. முன்னதில் கார்ப்பரேட்டுகளுக்கு லாபம் உண்டு, பின்னதில் இல்லை. எது முன்னுரிமை பெறுகிறது என்பதில் புதிர் ஏதுமில்லை.

மேற்கு வங்கத்தின் பிங்லாவைச் சேர்ந்த பிரணதி நாயக்கின் கதை இதன் தொடர்ச்சி. பேருந்து ஓட்டுநரின் மகளான அவர் டோக்கியோவுக்குச் சென்ற ஒரே இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. பெருந்தொற்று முடக்கத்தில் கருவி ஏதுமின்றிச் சொந்த ஊரில் இருந்துவிட்டு, ஏறத்தாழ இரண்டு மாதப் பயிற்சியோடு ஒலிம்பிக் மேடை ஏறினார். தீபாவுக்கு நேர்ந்தது ஐந்தாண்டு கழித்து அப்படியே திரும்ப நேர்ந்தது. ஒருமுறை நேர்ந்தால் அலட்சியம் எனலாம். மறுமுறையும் நேர்ந்தால் அதற்குப் பெயர் கொள்கை.

செய்ய வேண்டியவை

விளையாட்டு என்பது முதலாளித்துவக் கேளிக்கை, உழைக்கும் மக்களின் இயக்கத்துக்கு அதில் வேலையில்லை என்ற எண்ணம் இடதுசாரி அணிகளிலும் அங்கங்கே உண்டு. அது பிழையான எண்ணம். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையோடு எட்டு மணி நேர ஓய்வையும், எட்டு மணி நேரம் தனக்கென வாழும் உரிமையையும் சேர்த்துக் கேட்டது தொழிலாளி வர்க்கம். அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தில்தான் விளையாட்டு இருக்கிறது. அந்த இடத்தை இடதுசாரிகள் காலியாக விட்டால் சங்பரிவாரத்தின் ஷாகாக்களும் கட்டணப் பயிற்சி நிறுவனங்களும் நிரப்பிக்கொள்ளும்.

எனவே கோரிக்கைகள் தெளிவாக வைக்கப்பட வேண்டும். ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் மைதானமும் நிரந்தர உடற்கல்வி ஆசிரியரும் வேண்டும். மாவட்டந்தோறும் கட்டணமில்லாப் பயிற்சிக் கூடமும், அதில் பணிப் பாதுகாப்புள்ள பயிற்சியாளர்களும் வேண்டும். விளையாட்டு நிதி மாநிலங்களின் தேவைக்கேற்ப, வெளிப்படையான அளவுகோலில் பகிரப்பட வேண்டும். விளையாட்டுச் சங்கங்களிலிருந்து அரசியல்வாதிகளும் தொழிலதிபர்களும் வெளியேறி, வீரர் வீராங்கனைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். சங்கங்கள் அனைத்திலும் சட்டப்படியான, சுதந்திரமான பாலியல் புகார்க் குழு இயங்க வேண்டும். காயமுற்றவர்களின் மருத்துவத்தையும் ஓய்வுபெற்றவர்களின் வாழ்வாதாரத்தையும் அரசே ஏற்க வேண்டும்.

இவற்றில் ஒன்றும் மேலிருந்து அருளாக வராது. வீட்டுமனையாகும் பள்ளி மைதானத்தை மீட்பதில் தொடங்கி, பயிற்சியாளர் பணியிடத்தை நிரப்பக் கோருவது வரை ஒவ்வொன்றும் வாலிபர், மாணவர், மாதர் அமைப்புகளின் அன்றாட வேலைத்திட்டத்தில் இடம்பெற வேண்டியவை. தீபா கர்மாகர் தம் பங்கைத் தம் முழங்காலால் செலுத்திவிட்டார். ரியோவில் குறைந்த அந்த 0.15 புள்ளி ஆட்சியாளர்களின் கணக்கில் இன்னும் பாக்கியாகவே நிற்கிறது. அதை வசூலிக்கும் பொறுப்பு உழைக்கும் மக்களின் இயக்கத்தைச் சேர்ந்தது.